வெள்ளி நரியின் கால்கள்

போன இதழில் ஒரு வாசகர், "ஜாக்கி சானை உண்மையிலேயே திணறடித்த வில்லன் யார்?" என்று கேட்டிருந்தார். "ஹ்வாங் ஜங் லீ, கொரியாக்காரர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது போதவில்லை போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, அரசியலும் ஆன்மிகமும் ஒரு இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: யார் சார் இந்த ஹ்வாங் ஜங் லீ? கேள்விப்பட்டதே இல்லையே!

பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆளைப் பார்த்திருப்பீர்கள். 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் ஜாக்கியின் அப்பாவைத் தீர்த்துக்கட்டக் கூலிக்கு வரும் கொலையாளி ஞாபகம் இருக்கிறதா? மீசை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், காலாலேயே எல்லாரையும் சாய்ப்பாரே, அவர்தான்.

1944 டிசம்பரில் ஜப்பானில் பிறந்தவர். பெற்றோர் கொரியர்கள். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த நாடு. ஏராளமான கொரியக் குடும்பங்கள் பிழைப்புக்காகவும் கட்டாயத்தாலும் ஜப்பானில் இருந்தன. சின்ன வயதிலேயே குடும்பம் கொரியாவுக்குத் திரும்பியது. பள்ளிப் பருவத்தில் டாங் சூ டோ, டேக்வாண்டோ என்ற இரண்டு கொரியத் தற்காப்புக் கலைகளையும் கற்றார். வியட்நாம் போர் சமயத்தில் கொரிய வீரர்களுக்கும் தெற்கு வியட்நாம் வீரர்களுக்கும் சண்டைப் பயிற்சி கொடுத்தார். சினிமா அதற்கெல்லாம் அப்புறம்தான். 1976-இல் வந்த 'சீக்ரெட் ரைவல்ஸ்' படத்தில் வெள்ளை முடியும் வெள்ளைத் தாடியும் ஒட்டிக்கொண்டு 'வெள்ளி நரி' என்ற வில்லனாக வந்தார். அந்தப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியுலகத்துக்கு அவர் தெரியவந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

கேள்வி: அவர் உதையில் அப்படி என்ன விசேஷம்? சண்டைப் படம் என்றால் எல்லாரும்தானே உதைக்கிறார்கள்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். இந்தப் பத்தி எழுத வருவதற்கு முன்னால் நான் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து பிழைத்தவன். சண்டைக் காட்சியை ரசிகர் கண்ணோடு பார்க்கும் பாக்கியம் போய் வெகு காலமாகிறது. எங்கே 'கட்' விழுகிறது என்றுதான் முதலில் கண் போகும்.

ஒரு நடிகருக்கு உதைக்கத் தெரியாவிட்டால் என்ன செய்வோம் தெரியுமா? முதல் ஷாட்டில் அவர் காலைத் தூக்க ஆரம்பிப்பார். இரண்டாவது ஷாட் குளோசப்: ஒரு ஷூ மட்டும் குறுக்கே பறக்கும், அது ஃபைட்டருடைய கால். மூன்றாவது ஷாட்டில் அடிவாங்கியவர் மேஜை மேல் போய் விழுவார். மூன்று துண்டையும் ஒட்டி, அடி விழும் இடத்தில் இரண்டு ஃப்ரேமை உருவிவிட்டால் உதை இன்னும் வேகமாகத் தெரியும். போதாததற்கு கேமராவையே நொடிக்கு இருபது, இருபத்திரண்டு ஃப்ரேமில் ஓட்டிப் படம் பிடித்து, தியேட்டரில் இருபத்துநாலில் ஓட்டினால் கிழவர்கூடப் புயலாகிவிடுவார். ஹாங்காங்காரர்கள் இதிலும் கில்லாடிகள்தான். சட்டையில் பவுடர் தடவி வைப்பார்கள், அடி பட்டதும் புழுதி கிளம்ப வேண்டும் என்பதற்காக.

இனி ஹ்வாங்குக்கு வருவோம். தலையிலிருந்து பாதம் வரை முழு உடம்பும் ஃப்ரேமுக்குள் இருக்கும். ஒற்றைக் காலில் நிற்பார். மற்றக் கால் இடுப்பு உயரத்தில் மடங்கி நிற்கும். அங்கிருந்து முழங்கால், விலா, கன்னம் என்று அடுத்தடுத்து விழும். நடுவில் அந்தக் கால் தரையைத் தொடாது, உடம்பும் ஆடாது. கைகள் இரண்டும் அவருக்குச் சம்பந்தமே இல்லாதவை போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் அவருடைய கையெழுத்து மாதிரி ஒன்று உண்டு: எம்பிக் குதித்து, கீழே இறங்குவதற்குள் எதிராளியின் நெஞ்சில் இரண்டு மூன்று உதை. இதையெல்லாம் வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்ட முடிந்தது. எடிட்டருக்கு வேலையே வைக்காத நடிகர். என்னைப் போன்றவர்களின் பிழைப்புக்கு ஆபத்தானவர்.

ஹாங்காங் சண்டை நடிகர்களான ஜாக்கி, சாம்மோ ஹங், யூன் பியாவ் மூவரும் பீக்கிங் ஆப்பெரா என்ற சீன இசை நாடகப் பள்ளியில் சிறுவயதிலிருந்து வளர்ந்தவர்கள். குட்டிக்கரணம், தாளம், பாவனை, விழுவதில் ஒரு அழகு, இதெல்லாம் அவர்களுடைய சொத்து. ஹ்வாங் வந்தது ராணுவப் பயிற்சி மைதானத்திலிருந்து. அங்கே அழகுக்கு மார்க் கிடையாது. இந்த இரண்டு பள்ளிகளும் ஒரே ஃப்ரேமில் மோதியதுதான் 1978-இல் வந்த 'ஸ்நேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ', 'ட்ரங்கன் மாஸ்டர்' என்ற இரண்டு படங்களும் இன்றைக்கும் பழசாகாததற்குக் காரணம் என்பது என் கட்சி. ஜாக்கியின் வேடிக்கை எடுபட்டது எதிரே நிற்பவரிடம் வேடிக்கையே இல்லாததால்தான். நம்பியார் சரியாக முறைக்காவிட்டால் எம்.ஜி.ஆர். அடிப்பதில் என்ன சுகம்?

கேள்வி: ஜாக்கி சானின் பல்லை உடைத்துவிட்டாராமே, உண்மையா?

'ஸ்நேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ' படப்பிடிப்பில் அவருடைய உதை பட்டு ஜாக்கிக்கு ஒரு பல் போனது. அதே வருஷம் 'ட்ரங்கன் மாஸ்டர்' எடுக்கும்போது ஜாக்கிக்குப் புருவ எலும்பில் அடிபட்டு, கண்ணே போயிருக்க வேண்டியது தப்பியது.

ஆனால் இதைப் பகையாகப் படிக்காதீர்கள். அப்போது ஜாக்கி இன்னும் ஓடாத குதிரை. லோ வெய் என்ற தயாரிப்பாளரிடம் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டு, தோல்விப் படங்களாக நடித்துக்கொண்டிருந்தவர். இங் சீ யுவென் என்ற இன்னொரு தயாரிப்பாளர் அவரை இரண்டு படங்களுக்குக் கடனாக வாங்கினார். இயக்குநர் யூன் வூ பிங்குக்கு 'ஸ்நேக்'தான் முதல் படம். (பின்னாளில் 'மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தாரே, அதே ஆள்.) குருவாக வந்த முதியவர் இயக்குநரின் சொந்த அப்பா. ஆக மொத்தம் அந்த செட்டில் யாருக்கும் இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை. பல்லைத் தவிர.

கேள்வி: வியட்நாமில் கத்தியோடு வந்த ஒருவனை ஒரே உதையில் கொன்றுவிட்டாராமே?

கத்தி வீச்சில் தேர்ந்தவன் ஒருவன் சவால் விட்டான், இவர் நெற்றிப்பொட்டில் உதைத்தார், ஆள் அங்கேயே முடிந்தான் என்று ஒரு கதை பல காலமாகச் சுற்றுகிறது. அவரைப் பற்றிய பேச்சு எது எடுத்தாலும் இது வந்துவிடும். எனக்கு இதில் ருசி இல்லை. அந்தப் போருக்குக் கொரியா வருஷக்கணக்கில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த மனிதரின் பெருமைக்கு ஒரு சாவுக் கதை தேவையா? படத்தில் தெரிகிற கால் போதும்.

கேள்வி: கராத்தே, குங்ஃபூ, டேக்வாண்டோ. மூன்றில் எது பெரியது?

யார் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. மூன்றுமே தெரியாதவர்களுக்கு ஓடத் தெரிந்தால் போதும்.

கேள்வி: கொரியாவிலேயே சினிமா இருக்கும்போது ஏன் ஹாங்காங் போய் நடித்தார்?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த மனிதரின் வாழ்க்கையை வளைத்தது இதுதான்.

1970-களில் தென்கொரியாவில் பார்க் சுங் ஹீயின் ஆட்சி. சினிமாவின் கழுத்து அரசாங்கத்தின் கையில். தணிக்கை கடுமை. உரிமம் பெற்ற சில கம்பெனிகள் மட்டுமே படம் எடுக்கலாம். வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்தால் நல்ல லாபம், ஆனால் அதற்கான கோட்டா வேண்டும் என்றால் உள்ளூரில் படம் எடுத்துக் காட்ட வேண்டும். விளைவு உங்களுக்கே புரியும். எண்ணிக்கைக்காக அவசர அவசரமாகப் படங்கள் எடுத்துத் தள்ளினார்கள். ஹாங்காங் கம்பெனியோடு சேர்ந்து கூட்டுத் தயாரிப்பு என்று காட்டுவதும் ஒரு வழி. சிலவற்றில் கூட்டு என்பது காகிதத்தில் மட்டும்தான். ஒன்றிரண்டு கொரிய நடிகர்களின் காட்சிகளைச் சேர்த்துவிட்டு முழுப் படத்தையும் கூட்டுத் தயாரிப்பு என்று கணக்கு எழுதினார்கள்.

ஹாங்காங்காரர்களுக்கும் இது வசதிதான். அவர்கள் ஊரோ கையளவு. கொரியாவில் பழைய அரண்மனைகள், கோட்டை வாசல்கள், மலை, பனி எல்லாம் கிடைத்தன, செலவும் குறைவு. அதைவிட முக்கியமாக, காலை மட்டும் நம்பிச் சண்டை போடும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 1972-இல் சோல் நகரில் டேக்வாண்டோவுக்கென்றே குக்கிவோன் என்ற தலைமைக் கூடம் எழும்பியது. அடுத்த வருஷம் முதல் உலகப் போட்டி அங்கேயே நடந்தது. ப்ரூஸ் லீ இறந்ததும் 1973-இல்தான். 'அடுத்த ஆள் யார்?' என்று எல்லாத் தயாரிப்பாளர்களும் தேடிக்கொண்டிருந்த நேரம். 'சீக்ரெட் ரைவல்ஸ்' கொரியாவில் எடுத்த படம்தான். அதை இயக்கிய இங் சீ யுவென்தான் பின்னால் ஜாக்கி - ஹ்வாங் ஜோடியை மோதவிட்டவர்.

இன்னொன்று. கொரியாவிலும் 1974-இல் லீ டூ யோங் என்ற இயக்குநர் டேக்வாண்டோ சண்டைப் படங்களை வரிசையாக எடுத்து ஓடவைத்தார். ஆனால் விமர்சகர்கள் அவற்றைத் தீண்டவில்லை. அதே லீ டூ யோங் குடும்ப மானத்துக்குப் பலியாகும் பெண்களைப் பற்றி ஒரு படம் எடுத்து 1984-இல் கான் விழாவுக்குப் போனார். உடனே பெரிய இயக்குநர் ஆகிவிட்டார். உதைத்தவர்கள் உதைத்த இடத்திலேயே நின்றார்கள்.

கேள்வி: ஹ்வாங் கதாநாயகனாக நடித்ததே இல்லையா?

நடித்தார். 1981-இல் 'ஹிட்மேன் இன் த ஹேண்ட் ஆஃப் புத்தா' என்ற படத்தைத் தானே இயக்கி, தானே நாயகன். சண்டைகள் பிரமாதம். மற்ற நேரங்களில், சொல்லக் கூடாதுதான், அவர் சிரித்தாலும் யாரையோ உதைக்கப் போகிறார் என்றே தோன்றுகிறது. வில்லனாகவே பார்த்துப் பழகிய கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் கேமராவை எங்கே வைத்தால் கால் முழுசாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ப்ரூஸ் லீ இறந்த பிறகு அவருக்கு டூப் போட்டவர் ஒரு கொரியர் என்கிறார்களே?

கிம் டாய் சுங். என்னைக் கேட்டால் ஹ்வாங்கைவிடப் பரிதாபமான கதை இவருடையது.

ப்ரூஸ் லீ 1972-இல் 'கேம் ஆஃப் டெத்' என்று ஒரு படம் தொடங்கினார். மஞ்சள் உடை, மாடிக்கு மாடி ஒரு எதிரி. அதைப் பாதியில் நிறுத்திவிட்டு 'என்டர் த டிராகன்' போனார், 1973 ஜூலையில் இறந்தார். மீதி நெகட்டிவ் பெட்டியில் கிடந்தது. 1978-இல் வேறு கதை எழுதி, வேறு இயக்குநரை வைத்து, அதை முழுப் படமாக்கினார்கள். ப்ரூஸ் லீ தானே நடித்த சண்டை அதில் ஏறக்குறைய பதினோரு நிமிஷம்தான். மற்றதெல்லாம் டூப்புகள். சண்டையில் பெரும்பகுதி கிம் டாய் சுங், குட்டிக்கரணம் யூன் பியாவ். முகம் தெரியக் கூடாது என்று கறுப்புக் கண்ணாடி, ஒட்டுத் தாடி, கட்டுப் போட்ட முகம், முதுகுப் பக்கத்து ஷாட் என்று என்னென்னவோ செய்தார்கள். ஒரு காட்சியில் கண்ணாடியில் தெரியும் உருவத்தின் மேல் ப்ரூஸ் லீயின் முகத்தை வெட்டி ஒட்டியதே அப்பட்டமாகத் தெரியும். அந்தப் படத்தை வெட்டி ஒட்டிய எடிட்டரை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

கிம் நல்ல டேக்வாண்டோ வீரர். ஆனால் அவருடைய முதல் பெரிய படத்தில் அவருடைய முகம் தெரியாமல் இருப்பதுதான் அவருடைய வேலை. 1981-இல் 'டவர் ஆஃப் டெத்' வந்தது. இந்தத் தடவை ப்ரூஸ் லீ பாத்திரத்தின் தம்பியாக, சொந்த முகத்தோடு வந்தார். கடைசியில் அவரோடு மோதுபவர் யார்? நம்ம ஹ்வாங்தான். சண்டை அமைப்பு யூன் வூ பிங். இரண்டு கொரியர்கள், ஒரு ஹாங்காங் படத்தில், செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். சண்டை மட்டும் அசல்.

1986-இல் 'நோ ரிட்ரீட், நோ சரண்டர்' என்ற படம். வான் டாம் வில்லனாக அறிமுகமாகிப் பெயர் வாங்கினாரே, அது. அதில் ஒரு பையனுக்குச் சண்டை சொல்லித்தர ப்ரூஸ் லீயின் ஆவி வரும். அந்த ஆவியும் கிம்தான். டூப், தம்பி, ஆவி என்று மூன்று முறையும் வேறொருவரின் நிழலிலேயே நிற்க வேண்டியிருந்தது. பிறகு சினிமாவை விட்டு வியாபாரத்துக்குப் போனார். 2011 ஆகஸ்டில் இறந்தார்.

கேள்வி: வேறு கொரிய வீரர்கள் யாராவது கவனிக்கத் தகுந்தவர்கள்?

ஹ்வாங் இன் ஷிக். இவருக்கும் நம் ஹ்வாங்குக்கும் உறவில்லை; கொரியாவில் தெருவுக்கு நாலு ஹ்வாங் இருப்பார்கள். இவர் ஹப்கிடோ ஆள். உதையோடு மணிக்கட்டைப் பிடித்துத் திருகுவது, மூட்டைப் பூட்டுவது, தூக்கி எறிவது எல்லாம் அதில் உண்டு. ப்ரூஸ் லீயின் 'வே ஆஃப் த டிராகன்' படத்தில் ஜப்பானிய வீரராக வந்துபோவார். அவரை முழுசாகப் பார்க்க 1980-இன் 'யங் மாஸ்டர்' வேண்டும். கடைசிச் சண்டையில் ஜாக்கியைத் துணி துவைப்பதுபோல் துவைக்கிறார். ஜாக்கியின் எந்த வித்தையும் பலிக்காமல், ஹுக்காத் தண்ணீரைக் குடித்து வெறியேறித்தான் ஜெயிக்க வேண்டியிருக்கும். அப்படி ஜெயித்தும் உடம்பு முழுக்கக் கட்டோடுதான் ஊர் திரும்புவார். பிறகு ஹ்வாங் இன் ஷிக் கனடாவில் குடியேறி ஹப்கிடோ ஆசிரியராகிவிட்டார்.

அப்புறம் கசனோவா வாங். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இயற்பெயர் கிம் யோங் ஹோ. சாம்மோ ஹங்கின் 'வாரியர்ஸ் டூ' (1978) பாருங்கள். ஓடி வந்து எம்பும்போது புவியீர்ப்பு விசை கொஞ்சம் தாமதமாகத்தான் அவரை நினைத்துக்கொள்கிறது.

கேள்வி: எனக்கு வயது 46. இப்போது ஆரம்பித்தால் ஹ்வாங் மாதிரி உதைக்க முடியுமா?

முடியும், உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால். 1982-இல் 'ஆர்ட் ஆஃப் ஹை இம்பாக்ட் கிக்கிங்' என்று ஒரு பயிற்சி வீடியோவில் ஹ்வாங் தன் உதைகளைச் செய்து காட்டியிருக்கிறார். கூடவே நடித்த அமெரிக்கர் ராய் ஹொரனும் அதில் இருக்கிறார். இடுப்பு மூட்டுதான் விஷயம், தொடை அல்ல என்பது பார்த்தால் தெரியும். முழங்காலை முதலில் மேலே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அங்கிருந்து கால் விரிவதுதான் உதை. முழங்காலே மேலே வராதவர்கள் முதலில் நல்ல ஆசிரியரிடம் போவது உத்தமம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தனியாக முயன்றால் நாற்காலி ஜெயிக்கும்.

கேள்வி: ஜாக்கி உலகப் புகழ் பெற்றார். இவ்வளவு திறமை இருந்தும் ஹ்வாங் ஏன் காணாமல் போனார்?

காணாமல் போகவில்லை; அவரை ஆளாளுக்கு ஒரு பெயரில் வைத்திருந்தார்கள். கொரிய உச்சரிப்பில் ஒன்று, காண்டனீஸில் ஒன்று, மாண்டரினில் ஒன்று. டைட்டில் கார்டைப் பார்த்துத் தொடர்வது ரசிகருக்குச் சாத்தியமே இல்லை. அதோடு அந்தக் கால ஹாங்காங் படங்களை ஒலி இல்லாமல் எடுத்து, பிறகு குரல் சேர்ப்பார்கள். அதனால் அவருடைய சொந்தக் குரலே வெளியுலகத்துக்குப் போகவில்லை. நம்பியாரின் குரலை எடுத்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.

கொரியாவில் நடித்த படங்களின் கதி இன்னும் மோசம். ஹாங்காங்கில் ஜோசப் லாய் நடத்திய ஐ.எஃப்.டி. போன்ற நிறுவனங்கள் கொரியப் படங்களை வாங்கி, பெயரை மாற்றி, ஆங்கில டப்பிங் செய்து வீடியோ சந்தையில் இறக்கின. இயக்கிய கொரியரின் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் வரும். ஒரே படம் இரண்டு தலைப்பில்கூட வந்தது. ரசிகர்கள் அவரை அரைகுறைத் துண்டுகளாகத்தான் பார்த்தார்கள்.

80-களின் நடுவில் ஹாங்காங் சினிமாவும் மாறிவிட்டது. நீள அங்கியும் ஜடையும் போய், போலீஸ், துப்பாக்கி, கட்டடத்திலிருந்து குதிப்பது என்று வந்தது. 'மில்லியனர்ஸ் எக்ஸ்பிரஸ்' (1986), மிஷெல் யோ நடித்த 'மேக்னிஃபிசென்ட் வாரியர்ஸ்' (1987) என்று ஹ்வாங் இருந்தார், ஆனால் கூட்டத்தில் ஒருவராக. 90-களில் கொரியாவுக்கே திரும்பிவிட்டார்.

கேள்வி: எந்தப் படத்தில் ஆரம்பிக்கலாம்?

'ட்ரங்கன் மாஸ்ட'ரில் ஆரம்பியுங்கள், கடைசிச் சண்டையில் ஜாக்கியைப் பார்க்காமல் ஹ்வாங்கின் ஊன்றிய காலைப் பாருங்கள். அடுத்து 'ஸ்நேக்'. அதில் வயதானவராக வேஷம் போட்டிருப்பார், கழுகு நகப் பிடிகள் என்று கைக்கும் வேலை இருக்கும். மூன்றாவதாக 'சீக்ரெட் ரைவல்ஸ்'. அங்கே எதிரில் ஜான் லியூ, அவரும் காலால் பேசுபவர். சீன ஒலியும் சப்டைட்டிலும் உள்ள நல்ல பிரதி கிடைத்தால் ஆங்கில டப்பிங்கைத் தொடாதீர்கள்.

'டவர் ஆஃப் டெத்' கடைசியில் இருக்கட்டும். நடுவில் சிங்க வேஷம் போட்ட ஒரு ஆள் சண்டைக்கு வருவார், அவர் சிங்கம்தான் என்று நாம் நம்ப வேண்டுமாம். அதைப் பற்றி யாரும் கேள்வி அனுப்ப வேண்டாம்.